தூதும் அரியணையும் – 14: தீட்சித் கொழும்பை விட்ட ஏப்ரல்

முதலாம் பராந்தகனின் தூதர்கள் ஈழத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். சோழனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், தன் முடியையும் குலச்சின்னங்களையும் ஈழத்து அரசனிடம் விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். அவற்றைத் திருப்பிக் கேட்டுப் பராந்தகன் ஆளனுப்பியபோது அங்கே அரசர்கள் பலர் மாறியிருந்தார்கள். அரியணையில் இருந்த நான்காம் உதயன் பலமற்றவன் என்று கேள்விப்பட்டுத்தான் சோழன் தூது விட்டான் என்கிறது சூளவம்சம். உதயன் தர மறுத்தான். சோழப்படை கடல் தாண்டியது. அவன் முடியை எடுத்துக்கொண்டு ரோகணத்துக்குள் போய் ஒளிந்தான். ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பிறகு, ராஜேந்திரன் காலத்தில்தான் அது சோழர் கைக்கு வந்தது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை விதிகள் வெட்டப்பட்டதும் அதே பராந்தகன் ஆட்சியில்தான். அரியணையில் ஆள் மாறும்போது தூதுவன் கதி என்ன என்பது இந்தத் தொடர் முழுக்க நாம் கேட்டுவரும் கேள்வி. அதற்கு நம் தலைமுறை கண்ட மிகத் தெளிவான விடை 1989-இல், அதே ஈழத்தில் கிடைத்தது. அந்தத் தூதரின் பெயர் ஜே.என். தீட்சித்.

சென்னையில் பிறந்த ‘வைஸ்ராய்’

ஜோதீந்திர நாத் தீட்சித் 1936 ஜனவரி 8 அன்று சென்னையில் பிறந்தவர். பெற்றோர் மலையாளிகள், ‘தீட்சித்’ என்ற பெயர் வளர்ப்புத் தந்தை வழி வந்தது. 1958-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். வங்கதேசம் பிறந்த சூட்டில் டாக்கா, சோவியத் படை இருந்த காலத்தில் காபூல் என்று அவருக்கு வாய்த்த இடங்களெல்லாம் அடுப்பில் வைத்த இடங்கள்தான். 1985-இல் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். காமன்வெல்த் நாடுகளுக்குள் தூதரை ஹைகமிஷனர் என்பார்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

அவர் போய் இறங்கியபோது 1983 ஜூலைக் கலவரத்தின் புகை அடங்கவில்லை. அகதிகள் ராமேசுவரம் கரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போராளி இயக்கங்கள் தமிழ்நாட்டில் தங்கியிருந்தன. அப்போது இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்தன. 1978-இல் அரசியலமைப்பையே மாற்றி, எல்லா அதிகாரத்தையும் அதிபர் நாற்காலிக்குள் கொண்டுவந்து வைத்தவர். அந்த அமைப்பில் அமைச்சர்களிடம் நடையாய் நடப்பதைவிட அந்த ஒருவரிடம் பேசினால் காரியம் ஆகும். தீட்சித் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். நேரே ஜே.ஆரிடம் போவார், பேசுவார், முடித்துக்கொண்டு வருவார். வாயில் புகைக்குழாயும் பேச்சில் ஒளிவுமறைவின்மையுமாக அவர் நடமாடிய விதம் கொழும்பில் பலருக்கு உறுத்தியது. ‘இந்திய வைஸ்ராய்’ என்று பட்டம் கட்டினார்கள். பிரிட்டிஷார் போய் நாற்பது ஆண்டு ஆகாத நாட்டில் அதைவிடக் கசப்பான வசை கிடையாது.

கையெழுத்து விழாவில் காலியாக இருந்த இடம்

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணம், மாகாண சபை, இயக்கங்களின் ஆயுத ஒப்படைப்பு என்பவை ஒப்பந்தத்தில் இருந்தன. திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகள், நாட்டுக்குள் இருக்கும் அயல்நாட்டு ராணுவ, உளவு ஆட்கள், அயல்நாட்டு ஒலிபரப்பு ஆகியவை பற்றி இரு தலைவர்களும் தனிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். இவ்வளவையும் பேசி முடித்ததில் தீட்சித்தின் பங்கு பெரிது.

அன்று கொழும்பில் ஊரடங்கு. தெருவில் கலவரம். விழாவுக்கு ஒரு முக்கியமான மனிதர் வரவில்லை: பிரதமர் ரணசிங்க பிரேமதாச. பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலிக்கும் இந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை ராஜீவ் கடற்படை அணிவகுப்பை ஏற்றபடி வரிசையோரம் நடந்துவந்தார். அவர் கடந்துபோன நொடியில் விஜித ரோகண என்ற மாலுமி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் ஓங்கினான். ராஜீவ் சட்டென்று குனிந்ததால் தலைக்கு வந்த அடி தோளோடு போயிற்று. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. வராத பிரதமரின் படத்தை எடுக்க முடியாதல்லவா? அதனால் அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது அந்த இரண்டாவது சங்கதிதான்.

பிரேமதாச யார் என்பதையும் சொல்லவேண்டும். ஜே.ஆர்., பண்டாரநாயக குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்வமும் ஆங்கிலமும் சேர்த்துவைத்த வீடுகள். பிரேமதாச கொழும்பு வாழைத்தோட்டத்தின் நெரிசலான தெருக்களிலிருந்து வந்தவர். கொவிகம சாதிக்கு வெளியிலிருந்து நாட்டின் உச்சிக்கு ஏறியவர். வீட்டுத் திட்டம், கிராம எழுச்சி என்று ஏழைகளிடம் தனக்கென ஒரு வாக்குவங்கியை வளர்த்துக்கொண்டார். பதினொரு ஆண்டு பிரதமராக இருந்தும், எல்லாம் ஜே.ஆர். வீட்டிலேயே முடிவாகிவிடும். தன்னைக் கேட்காமல், தன் நாட்டில் அயல்நாட்டுப் படையை இறக்கிய ஒப்பந்தத்தை அவர் அரசியலாக மட்டும் பார்க்கவில்லை; மானக்கேடாகவும் பார்த்தார்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. அமைதி காக்கப் போன படை அக்டோபர் 10 முதல் புலிகளோடு போரிட்டது. அதற்கு முன்பு, புலிகளின் திலீபன் நல்லூரில் உண்ணாமல் கிடந்த நாள்களில் தீட்சித் யாழ்ப்பாணம் வந்து பிரபாகரனைச் சந்தித்தார். பந்தலுக்கு அவர் போகவில்லை என்ற மனத்தாங்கல் அங்கே இன்றும் ஆறவில்லை. தெற்கே சிங்களருக்கு அவர் வைஸ்ராய், வடக்கே தமிழருக்குக் கைவிட்டவர். நடுவில் ஜே.ஆர். ஒருவர்தான் அவருக்குக் கதவு திறந்து வைத்திருந்தார்.

ஒரே மாதத்தில் இரண்டு பதவியேற்பு

1988 டிசம்பர் 19 அன்று அதிபர் தேர்தல். தெற்கில் ஆயுதம் தூக்கியிருந்த ஜே.வி.பி. வாக்களிக்கப் போகாதே என்று மிரட்டியிருந்தது. நூற்றுக்கு 55 பேர்தான் வாக்களித்தார்கள். பிரேமதாசவுக்கு 50.4 விழுக்காடு, சிறிமாவோ பண்டாரநாயகவுக்கு ஏறக்குறைய 45. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இருவருமே இந்தியப் படையைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். யார் வென்றிருந்தாலும் தீட்சித்துக்கு எதிர்க்காற்றுதான்.

1989 ஜனவரி 2 அன்று பிரேமதாச கண்டி தலதா மாளிகையில் பதவியேற்றார். ஆங்கிலேயருக்கு முன்பு இருந்த கடைசிச் சிங்கள அரசின் தலைநகரம் கண்டி. புதிய அதிபர் எந்த வரிசையில் தன்னை நிறுத்திக்கொள்கிறார் என்பது இடத் தேர்விலேயே தெரிந்தது.

அதே மாதம் நம் பக்கத்திலும் ஆட்சி மாறியது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த தமிழ்நாட்டில், ஜனவரி 27 அன்று மு. கருணாநிதி பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முதலமைச்சரானார். தீட்சித் கொழும்பில் பேசியதற்கெல்லாம் பின்னணியில் இருந்த இரண்டு பெயர்கள் ஜே.ஆரும் எம்.ஜி.ஆரும். இருவருமே இப்போது பதவியில் இல்லை. பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின், பல ஆண்டுகளாக வெளியுறவு அமைச்சராக இருந்த ஏ.சி.எஸ். ஹமீதும் மாற்றப்பட்டு, ரஞ்சன் விஜேரத்ன அந்த இடத்துக்கு வந்தார். மார்ச்சில் டி.பி. விஜேதுங்க பிரதமரானார். ஒப்பந்தத்தை உள்ளிருந்து தாங்கிய காமினி திசாநாயகவின் செல்வாக்கு சரிந்தது. மூன்று மாதத்தில் தீட்சித்துக்குப் பழகிய முகங்கள் எல்லாம் நாற்காலி மாறிவிட்டன.

ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்த தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் சொன்ன பெரியவர் ஒதுங்கிவிட்டார். முகூர்த்தத்துக்கே வராமல் முறைத்துக்கொண்டிருந்த தம்பி கையில் வீட்டுச் சாவி. தரகர் அந்த வாசலில் போய் நின்று பழைய பேச்சை எடுத்தால் என்ன மரியாதை கிடைக்கும்?

சட்டம் ‘இருக்கலாம்’ என்றது

சட்டப்படி பார்த்தால் தீட்சித் போகவேண்டிய கட்டாயம் இல்லை. தூதுவர் கொண்டுவரும் நற்சான்றுப் பத்திரம் ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்கு எழுதுவது. முடியாட்சியில் மன்னர் இறந்தால் புதிய மன்னருக்குப் புதுப் பத்திரம் தருவது மரபு. குடியரசில் அதிபர் மாறினால் அது தேவையில்லை. பழைய பத்திரமே செல்லும். தூதர் வேண்டாம் என்றால் 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு இருக்கிறது. ‘இவர் எங்களுக்கு ஏற்புடையவரல்லர்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், காரணமே சொல்ல வேண்டாம். பிரேமதாச அந்தப் பிரிவைத் தொடவில்லை.

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே தூதர்களில் ஒரு பகுதியினர் அதிபரின் சொந்தத் தேர்வு. கட்சி நண்பர்கள், நிதி திரட்டித் தந்தவர்கள், பேராசிரியர்கள். அவர்கள் எல்லோரும் புதிய அதிபர் வரும்போது விலகல் கடிதம் கொடுப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆண்டு முடியும்வரை சிலருக்கு அவகாசம் தருவதும் உண்டு. 2017-இல் டிரம்ப் தரப்பு அந்த அவகாசமும் கிடையாது என்று சொல்லிவிட்டது. டெல்லியில் இருந்த ரிச்சர்ட் வர்மா ஜனவரி 20 அன்று, பதவியேற்பு நாளிலேயே பொறுப்பை விட்டார். நம் நாட்டிலும் அரசியல் நியமனம் உண்டு. ஜனதா ஆட்சியில் வாஷிங்டன் போன நானி பால்கிவாலா 1977 முதல் 1979 வரைதான் அங்கே இருந்தார். மொரார்ஜி ஆட்சியோடு அவர் தூதுப்பணியும் முடிந்தது.

இவையெல்லாம் அனுப்பியவர் மாறிய கதைகள். தீட்சித்தை அனுப்பிய ராஜீவ் அப்போதும் பிரதமர்தான். மாறியவர் வரவேற்றவர். அனுப்பியவர் மாறினால் தூதர் வேலையை இழக்கிறார். வரவேற்றவர் மாறினால் வேலை இருக்கும், பத்திரம் இருக்கும், காரில் கொடி பறக்கும். சொல்லுக்கு மட்டும் விலை இருக்காது. இரண்டாவதுதான் கொடுமை.

ஏப்ரல்

1989 ஏப்ரலில் தீட்சித் கொழும்பிலிருந்து புறப்பட்டார். காகிதத்தில் அது ஒரு சாதாரண இடமாற்றம். நான்கு ஆண்டு ஆகப்போகிறது, பாகிஸ்தானில் பெனாசிர் புட்டோ புதிதாகப் பிரதமராகியிருந்தார், இஸ்லாமாபாத்துக்கு அனுபவசாலி ஒருவர் வேண்டும். டெல்லி அவரைத் தண்டிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று: இந்தியத் தூதருக்கு இஸ்லாமாபாத்தைவிடக் கனமான நாற்காலிகள் சிலவே. கொழும்பில் அவர் இடத்துக்கு லக்கன் லால் மெஹ்ரோத்ரா வந்தார்.

அவர் போனதைப் பிரேமதாசவின் தனிப்பட்ட கோபத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது சரியல்ல. தெற்கில் ஜே.வி.பி.யின் துப்பாக்கி ஓயவில்லை. அவர்கள் கையிலிருந்த பெரிய ஆயுதம் ‘இந்தியப் படையே வெளியேறு’ என்ற முழக்கம். அந்த முழக்கத்தைத் தன் வாயால் சொல்லி அவர்களிடமிருந்து பறித்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது என்று புதிய அதிபர் கணக்குப் போட்டார். வடக்கிலும் அதே கணக்கு: இந்தியப் படையோடு மோதிக்கொண்டிருந்த புலிகளுக்கும் அது வெளியேறுவதுதான் வேண்டும். ஏப்ரலில் புலிகள் பேச்சுக்குச் சம்மதித்தார்கள். மே தொடக்கத்தில் அன்ரன் பாலசிங்கம் குழு கொழும்பில் அதிபரோடு உட்கார்ந்தது. தீட்சித் நான்கு ஆண்டாகக் கட்டிய ஏற்பாட்டில் இலங்கை அரசும் இந்தியாவும் ஒரு பக்கம், புலிகள் எதிர்ப்பக்கம். அவர் புறப்பட்ட சில வாரங்களில் இலங்கை அரசும் புலிகளும் ஒரு மேசையில். இந்தியா வெளியே நின்றது.

ஜூன் 1 அன்று பிரேமதாச வெளிப்படையாகக் கெடு வைத்தார்: ஜூலை 29-க்குள், அதாவது ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்குள், இந்தியப் படை போய்விட வேண்டும். டெல்லியிடம் முன்கூட்டிப் பேசிவிட்டுச் சொல்லும் வழக்கத்தை அவர் வேண்டுமென்றே விட்டார். 1987-இல் தன்னைக் கேட்காமல் செய்தார்கள். 1989-இல் அவர் கேட்காமல் செய்தார்.

360 நாள் முடிந்ததும்

இப்போது நம் ஊர்ச் சுவருக்கு வருவோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்த மண்டபத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருவார்கள். குடத்தில் ஓலை போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். தேர்தல் எப்படி என்பதைச் சொல்லும் அளவுக்கு, பதவி முடிவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சாசனமோ அதில்தான் மிகவும் கறார். 919-இல் ஒரு முறையும் 921-இல் திருத்தி ஒரு முறையுமாகச் சபை விதி செய்தது. இரண்டு முறையும் அரசன் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார்; முதல் முறை வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாள் முடிந்ததும் இறங்கவேண்டும். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் விழாது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்ப வர முடியாது. அவருடைய உறவுமுறையாரையும் பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார்கள்.

சபை தெரிந்துவைத்திருந்த உண்மை இதுதான்: ஏரியும் தோட்டமும் பொன்னும் ஒருவரின் பழக்கத்தில் ஓடக்கூடாது. இன்றைக்கு இருப்பவர் நாளைக்கு இறங்கினாலும், அடுத்தவர் ஓலையைப் பிரித்துப் படித்து வேலையைத் தொடரவேண்டும். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் அந்தத் தொடர்ச்சி இல்லை. அது இரு தலைவர்களின் கையெழுத்தாலும், ஒரு தூதருக்கு ஒரு முதியவரிடம் இருந்த நெருக்கத்தாலும் நின்றது. ஜே.ஆருக்கு 1987-இல் எண்பது வயதுக்கு மேல். அவருக்குப் பின் யார் என்பது கொழும்பில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். இருந்தும் அந்த ‘யார்’ கையெழுத்து விழாவுக்கு வராமல் இருந்ததை டெல்லி சின்ன மனவருத்தமாகவே எடுத்துக்கொண்டது. தீட்சித்தின் திறமையில் குறை சொல்ல முடியாது. அவருடைய வெற்றிதான் சிக்கல்: ஒரு கதவு அவ்வளவு எளிதாகத் திறந்ததால், மற்றக் கதவுகளைத் தட்டவேண்டிய அவசரம் டெல்லியில் யாருக்கும் ஏற்படவில்லை.

கணக்குக் காட்டும் விதியில் மட்டும் அவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். 1991 டிசம்பரில் வெளியுறவுச் செயலராகி, 1994-இல் ஓய்வு பெற்று, 1998-இல் தன் கொழும்பு நாள்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். யாரிடம் என்ன பேசினோம், எங்கே தவறாகக் கணித்தோம் என்று பதவியில் இருந்த ஒருவர் எழுதிவைப்பது நம் நாட்டில் அரிது. அவருடைய முடிவுகளோடு மல்லுக்கு நிற்பவர்களும் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். 2005 ஜனவரி 3 அன்று, தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருக்கும்போதே அவர் காலமானார்.

மற்றவர்களின் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. 1989 இறுதியில் ராஜீவ் தேர்தலில் தோற்றார். வி.பி. சிங் ஆட்சியில், 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலையில் கப்பல் ஏறினார்கள். ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவே இல்லை. படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அடுத்த ஆண்டு மே 21 இரவு, நம் ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். 1993 மே 1 அன்று கொழும்பு மே தின ஊர்வலத்தில் பிரேமதாச கொல்லப்பட்டார். கையெழுத்துப் போட்ட இருவரில் இயற்கையாக இறந்தவர் ஜே.ஆர். ஒருவர்தான், 1996-இல், தொண்ணூறு வயதில்.

புதிய அதிபரோடு பேசத் தெரியாத தூதர் போய்விட்டார், பிரச்சினை தீர்ந்தது என்று கொழும்பு நினைத்தது. புதிய தூதர் வந்தால் புதிய அதிபர் இறங்கி வருவார் என்று டெல்லி நினைத்தது. இரண்டும் தப்புக் கணக்கு. மெஹ்ரோத்ரா வந்து இரண்டு மாதத்துக்குள், இரு நாட்டுப் படைகளும் ஒன்றையொன்று சுடுமோ என்ற அளவுக்கு நிலைமை முற்றியது. கெடு வைத்த ஜூலை 29 நெருங்க நெருங்க டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. அந்தக் கடிதப் போரையும், கெடு நாளுக்கு முன்பு இரு தரப்பும் ஒரு வழி கண்டதையும், செப்டம்பர் 18 உடன்பாட்டையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)